எத்தியோப்பியாவிலிருந்து தத்து வந்த பிள்ளைகள்: அன்பு போதாதா?

கேள்வி (இல்லினாய் வாசகர்)

எங்கள் தெருவில் ஓர் அமெரிக்கத் தம்பதி. வெள்ளையர்கள், தங்கமான மனிதர்கள். எத்தியோப்பியாவிலிருந்து கைக்குழந்தையாகத் தத்தெடுத்த பையனுக்கு இப்போது பதினைந்து வயது. என் மகனோடு கூடைப்பந்து விளையாடுவான். சில மாதங்களாக யாருக்கும் முகம் கொடுப்பதில்லை, அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறானாம். 'அடையாளம்', 'வேர்' என்று பள்ளியில் யாரோ பேசி அவனைக் குழப்பிவிட்டார்கள் என்று அவன் அம்மா வருந்துகிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. சோறு, படிப்பு, பாசம் எல்லாம் கிடைத்த பிள்ளைக்கு இன்னும் என்ன குறை? அன்பு இருந்தால் போதாதா?

4 பிப்ரவரி 2025, இரவு

போதாது.

மினசோட்டாவில் பள்ளி ஆலோசகராக வேலை பார்க்கிறேன். எத்தியோப்பியாவில் பிறந்து வெள்ளைக் குடும்பங்களில் வளரும் பிள்ளைகள் இங்கே கணிசம். என் அறையில் வந்து உட்கார்ந்தவர்களைப் பற்றி எழுதும்போது வயது, ஊர், ஆண், பெண் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுவேன். யாரும் துப்புத் துலக்க வேண்டாம்.

அந்தப் பையன் எப்போது வந்தான் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2010ஆம் ஆண்டில் மட்டும் எத்தியோப்பியாவிலிருந்து சுமார் 2,500 பிள்ளைகள் அமெரிக்காவுக்குத் தத்து வந்தார்கள். அந்த ஆண்டு சீனாவுக்கு அடுத்த இடம். 2011 மார்ச்சில் அந்நாட்டு அமைச்சகம், நாளொன்றுக்கு ஐம்பது கோப்புகள் வரை பார்த்துக்கொண்டிருந்ததை ஐந்தாகக் குறைத்தது. காகிதங்களில் புளுகு மலிந்துவிட்டது என்ற புகார்தான் காரணம். 2018 ஜனவரியில் நாடாளுமன்றம் வெளிநாட்டுத் தத்தையே தடை செய்துவிட்டது. உங்கள் தெருப் பையன் வந்தது அவசரம் உச்சத்தில் இருந்த காலத்தில். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் யாரும் ஓதிவிட வேண்டியதில்லை. தன் பிறந்த நாட்டின் பெயரைத் தட்டினால் பத்து நிமிடத்தில் படித்துவிடுவான்.

படித்தபின் அவனுக்கு ஒரே கேள்வி. என் காகிதம் எந்த வகை?

4 பிப்ரவரி, தூங்கப் போகும் முன்

'இன்னும் என்ன குறை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அவன் காதுபட மட்டும் சொல்லிவிடாதீர்கள். தேவாலயத்தில், கடை வரிசையில், பல் மருத்துவரிடம் என்று போகிற இடமெல்லாம் அதைக் கேட்டு வளர்ந்திருப்பான். 'கொடுத்து வைத்தவன் நீ!' ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "எனக்கு அம்மா செத்துப்போனதற்கு வாழ்த்துச் சொல்கிறார்கள், மிஸ்."

6 பிப்ரவரி

கீழே பின்னூட்டத்தில் இரண்டு பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். 'அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர்களைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள்.'

யாரையும் ஆக்கவில்லை. அநாதை என்ற இடத்தில் மட்டும் நிறுத்திக் கேட்கிறேன். இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். தாயோ தந்தையோ காசநோயில் போயிருப்பார். பாட்டியோ மாமனோ இருந்திருப்பார்கள். எத்தியோப்பியாவில் பிறந்த புகழ்பெற்ற சமையல் கலைஞர் மார்க்கஸ் சாமுவேல்சன் இருக்கிறாரே, நியூயார்க் ஹார்லெமில் உணவகம் நடத்துகிறவர், அவரும் அக்காவும் காசநோய்க்குத் தாயைப் பறிகொடுத்து ஸ்வீடன் நாட்டு கோத்தன்பர்க் நகரத்துக்குத் தத்துப் போனவர்கள். தந்தை இறந்துவிட்டார் என்றே நினைத்து வளர்ந்தார். பெரியவரான பிறகுதான் தந்தை ஒரு கிராமத்தில் உயிரோடு இருப்பது தெரிய வந்தது, உடன்பிறந்தோர் கூட்டத்தோடு.

இன்னொன்று. எத்தியோப்பியாவின் 2000ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம், தத்துப் போன பிள்ளைக்குப் பிறந்த குடும்பத்தோடு உள்ள உறவு அறுபடுவதில்லை என்றே சொன்னது. அங்குள்ள ஒரோமோ இன மக்களிடம் குடிஃபச்சா என்ற பழைய தத்து முறை உண்டு. அதில் பெற்றவர்கள் யார் என்பது ஊருக்கே தெரியும், போக்குவரத்தும் இருக்கும். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு விவசாயி கைநாட்டு வைக்கும்போது என்ன நினைத்திருப்பார்? பிள்ளை படித்துவிட்டு வருவான், கடிதம் போடுவான் என்று. அமெரிக்கச் சட்டத்திலோ அந்தக் கைநாட்டோடு அவர் பெற்றவரே இல்லை என்றாகிவிடுகிறது. வாங்கிய குடும்பத்துக்கும் பல நேரம் இது தெரியாது. இரண்டு பக்கமும் நல்லவர்களாக இருந்துகொண்டே இது நடக்கலாம்.

7 பிப்ரவரி

"அப்படியானால் தத்தே கூடாதா?" இந்தக் கேள்விக்குள் நான் இறங்கப் போவதில்லை. 1972இல் அமெரிக்கக் கறுப்பினச் சமூகப் பணியாளர் சங்கம் கறுப்புப் பிள்ளைகளை வெள்ளைக் குடும்பங்களில் வைப்பதைக் கடுமையாக எதிர்த்தது. 1994இலும் 1996இலும் வந்த சட்டங்கள் இனத்தைக் காரணம் காட்டித் தத்தைத் தாமதப்படுத்தக் கூடாது என்றன. ஐம்பது ஆண்டுச் சண்டை, நடக்கட்டும். பையன் ஏற்கெனவே உங்கள் தெருவில் இருக்கிறான். அவனைப் பற்றிப் பேசுவோம்.

9 பிப்ரவரி

தலைமுடி. இதை அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடலாம்.

ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மே மாத வெயிலிலும் தொப்பியைக் கழற்றமாட்டாள். ஒழுங்கு நடவடிக்கைக்காக என்னிடம் அனுப்பினார்கள். கழற்றினால், பிடரியில் முடி கம்பளி போலச் சிக்கிக் கட்டியாகிக் கிடந்தது. அம்மா அன்பில் குறை வைக்காதவர். தன் முடிக்கு வாங்கும் ஷாம்பூவைத்தான் மகளுக்கும் போட்டார், தினமும். வறண்ட சுருள் முடியை உலர்ந்திருக்கும்போதே மேலிருந்து கீழாகச் சீவினார். குழந்தை அழுதது, இவரும் அழுதார், பிறகு சீவுவதையே விட்டுவிட்டார்கள்.

எங்கள் பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு கறுப்பினப் பெண்மணிதான் காப்பாற்றினார். முடியை நான்கு பகுதியாகப் பிரித்தார். தண்ணீர் தெளித்து, கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, விரலால் முதலில் சிக்கைப் பிரித்து, பெரிய பல் சீப்பை நுனியிலிருந்து தொடங்கி வேர் நோக்கிக் கொண்டுபோனார். ஈரம் போகாமலிருக்க ஷியா வெண்ணெய். ராத்திரி வழுவழுப்பான துணியில் தலையைக் கட்டிப் படுக்க வேண்டும், பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சிவிடும் என்றார். மதியம் முழுவதும் ஆனது. அந்தப் பெண் அவர் முழங்காலுக்கு நடுவில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாள். என் அறையில் அதுவரை அவள் சேர்ந்தாற்போல் நான்கு சொல் பேசியதில்லை.

அம்மாவுக்குச் செய்முறையைக் கற்றுக்கொடுத்தோம். ஆனாலும் மாதம் ஒரு முறை கறுப்பினப் பெண்கள் நடத்தும் முடி நிலையத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அங்கே அந்தப் பெண் வேடிக்கைப் பொருள் அல்ல, வரிசையில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர். இங்கே விசித்திரமாகத் தெரிபவர் அம்மாதான். அந்த இரண்டு மணி நேரம் அவருக்கும் நல்லது.

10 பிப்ரவரி

தேங்காய் எண்ணெயைப் பரிந்துரைத்து ஆறு பின்னூட்டங்கள். தமிழன் எங்கே போனாலும் தேங்காய் எண்ணெயோடுதான் போவான் போலிருக்கிறது. தண்ணீர் முதலில், எண்ணெய் அதன் மேலே. எண்ணெய் மட்டும் போட்டால் வறட்சி போகாது. விவாதம் முடிந்தது.

16 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் தனிமடலில், "அவனுக்கு டேனியல் என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். எத்தியோப்பியாவிலும் அந்தப் பெயர் உண்டாமே, மாற்றக்கூட இல்லை" என்று எழுதியிருந்தார். (பெயரை நான் மாற்றியிருக்கிறேன்.)

முதல் பெயர் சரி. இரண்டாவது பெயர் எங்கே போயிற்று? எத்தியோப்பியர்களுக்கு நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. பிள்ளையின் பெயர், அடுத்து அப்பாவின் பெயர், தேவையானால் தாத்தாவின் பெயர். நம் இனிஷியலை விரித்து எழுதினால் எப்படியோ அப்படி. அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் இழுபறிப்பட்ட எந்தத் தமிழருக்கும் இது விளக்காமலே புரியும். முதல் பெயரை வைத்துக்கொண்டு பின்னால் ஸ்வீடன் வழி வந்த மினசோட்டாக் குடும்பப் பெயரைப் போடும்போது அழிந்துபோவது அப்பாவும் தாத்தாவும். எல்லோரும் முதல் பெயரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவன் பதினெட்டு வயதில் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அப்பா பெயரை நடுப்பெயராகத் திரும்பச் சேர்த்துக்கொண்டான். வளர்த்த அப்பா கூடவே போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். முதல் மாதம் அவருக்கு மனத்தாங்கல்தான். பிறகு, "இன்னொரு அப்பா பெயர் சேர்ந்ததால் என் பெயர் குறைந்துவிடவில்லையே" என்றார்.

23 பிப்ரவரி

கலாசார முகாம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கோடையில் சில நாள், தத்துக் குடும்பங்கள் கூடி, இஞ்சேரா என்ற புளித்த மாவு அப்பம் சாப்பிட்டு, காப்பிச் சடங்கு பார்த்து, தோளை ஆட்டும் எஸ்கிஸ்தா நடனம் ஆடி, அம்ஹாரிக் எழுத்து நாலு எழுதிப் பழகிவிட்டு வருவார்கள். நல்லதுதான். தன்னைப் போலவே வெள்ளை அப்பா அம்மாவோடு வந்த ஐம்பது பிள்ளைகளை ஒரே இடத்தில் பார்ப்பதே பெரிய ஆறுதல். அதற்காகவே அனுப்பலாம்.

ஆனால் எத்தியோப்பியா என்பது எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் நாடு. தத்து வந்தவர்களில் நிறையப் பேர் தெற்கத்திப் பிள்ளைகள். வொலைட்டா, கம்பாட்டா, ஹதியா பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்கொல்லையில் நிற்பது என்செட் மரம். பார்த்தால் வாழை என்றே சொல்வோம், காய் உண்ணமாட்டார்கள். அதன் தண்டையும் கிழங்கையும் சுரண்டி, குழியில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவைத்து, கோச்சோ என்று தடித்த அடை சுடுகிறார்கள். அம்ஹாரிக் அங்கே பள்ளியிலும் அலுவலகத்திலும் கேட்கிற மொழி, அடுப்படியில் வேறு மொழி. வொலைட்டாவுக்குப் புத்தாண்டுகூடத் தனி, செப்டம்பரில் கிஃபாட்டா.

ஒரு பையன் முகாம் முகாமாகப் போய் அம்ஹாரிக் கற்று, பதினேழு வயதில் ஊருக்குப் போனான். பாட்டிக்கு அவன் பேசியது ஒரு சொல்லும் விளங்கவில்லை. திரும்பி வந்தவன், "இரண்டாவது தடவையும் எனக்குத் தப்பான மொழியைக் கொடுத்துவிட்டார்கள்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான்.

ஆகவே முகாமுக்கு முன்னால் கோப்பைத் திறந்து எந்த மாவட்டம், எந்த ஊர் என்று பாருங்கள்.

24 பிப்ரவரி

"நம் பிள்ளைகளுக்கே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் தமிழ் வருவதில்லை, இதில் வொலைட்டா மொழியா?" என்று ஒருவர். நியாயம். நம் பிள்ளை தமிழ் தெரியாமல் வளர்ந்தாலும் வீட்டில் அவள் மூக்கு மாதிரியே மூக்குள்ள பாட்டி இருக்கிறாள். அதனால் அந்தக் குறை அவளை உலுக்குவதில்லை. இவனுக்கு அந்தப் பாட்டியும் இல்லை.

2 மார்ச்

எத்தியோப்பியச் சமூகத்தோடு சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தொனி என் முதல் குறிப்புகளில் இருப்பதாக ஒருவர் சுட்டியிருக்கிறார். அப்படி நான் நம்பவில்லை என்பதை விரித்து எழுதுகிறேன்.

மினியாபொலிஸில் எத்தியோப்பியக் கடைகளுக்கும் தேவாலயங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் பஞ்சமில்லை. தத்துப் பிள்ளை உள்ளே போனதும் கல்லாவில் இருப்பவர் அம்ஹாரிக்கிலோ ஒரோமோவிலோ பேசுவார். இவன் விழிப்பான். உடனே ஆங்கிலத்துக்கு மாறி, "பாவம்" என்ற ஒரு பார்வை. சிலர் அவனை ஃபெரெஞ்சி, அதாவது வெள்ளைக்காரன் என்றே கிண்டல் செய்வார்கள். இங்கே பிறந்து வளர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கப் பிள்ளைகளோ, "நீ எங்களில் ஒருவன் இல்லை, பேச்சே வெள்ளை" என்பார்கள். வெள்ளைப் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று எழுதத் தேவையில்லை. மூன்று கதவும் பாதி திறந்தே இருக்கும், முழுதாகத் திறக்காது.

அதற்காக அழைத்துப் போகாமல் இருக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை விருந்தினராகப் போவதால்தான் அந்தப் பார்வை. வாரா வாரம் ஒரே கடையில் மிளகாய்த்தூள் வாங்கினால் நாலாவது மாதம் பாவம் பார்ப்பதை விட்டுவிட்டு, "ஏன் போன வாரம் வரவில்லை?" என்று அதட்டுவார்கள். வீடு மாற்றக்கூடிய குடும்பம் என்றால் வீட்டையே மாற்றச் சொல்வேன். பிள்ளையை ஒரு கண்டம் தாண்டிக் கொண்டுவந்தவர்களுக்குப் பன்னிரண்டு மைல் தாண்டுவது பெரிய தியாகமா?

2 மார்ச், சேர்ப்பு

நம்மவர்களும் உத்தமர்கள் இல்லை. மகன் கூடைப்பந்து விளையாடலாம், பிறந்தநாளுக்கு அந்தப் பையனை அழைத்தால் மட்டும் சமையலறையில் குசுகுசு. பிறந்த குழந்தை நிறமாக இருக்கிறதா என்று தொலைபேசியில் முதல் கேள்வி கேட்கிற சாதி நாம். உங்கள் வீட்டை முதலில் பாருங்கள், ஐயா. உங்களைத் தனிப்பட்டுச் சொல்லவில்லை. கொஞ்சம் சொல்கிறேன்.

9 மார்ச்

ஆண் பிள்ளைகள் பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள்.

எட்டு வயதில் தெருவே கொஞ்சும். பதினான்கில் மீசை அரும்பி ஆறடி உயர்ந்ததும் அதே தெருவில் புதிதாகக் குடிவந்த ஒருவர், 'சந்தேகத்துக்குரிய நபர்' என்று அக்கம்பக்கத்துக் குழுவில் படம் போடுவார். கறுப்பினக் குடும்பங்களில் பையனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள்: காவலர் நிறுத்தினால் கை எங்கே இருக்க வேண்டும், எதை எடுக்கும்முன் என்ன சொல்ல வேண்டும். வெள்ளை அப்பாவுக்கு இது அனுபவத்தில் இல்லை. ஃபிலாண்டோ காஸ்டீல் 2016 ஜூலையில் செயின்ட் பால் அருகே காரில் காவலர் ஒருவரால் சுட்டுக்கொல்லப்பட்டபோது, அவர் ஒரு பள்ளி உணவுக்கூட மேற்பார்வையாளர் என்பதால் எங்கள் ஊழியர்கள் பலர் இடிந்து போனார்கள். 2020 மே 25இல் மினியாபொலிஸ் காவலர் கையில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தார். அந்தக் கோடையில் ஒரு வீட்டில் தாத்தா தொலைக்காட்சி முன் உட்கார்ந்து காவலருக்குப் பரிந்து பேச, பேரன் எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். 'நீ வேற, உன்னைச் சொல்லவில்லை' என்று தாத்தா சமாதானம் சொன்னாராம். அவர் பேரனை உயிராக நேசிப்பவர்.

உங்கள் பையன் சாத்திய கதவுக்குப் பின்னால் இதுவும் இருக்கலாம்.

16 மார்ச்

மருந்து, சிகிச்சை பற்றி. 2013இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் மினசோட்டா ஆய்வொன்று வந்தது. தத்துப் பிள்ளைகள் தற்கொலைக்கு முயல்வது மற்றப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம். 2002இல் 'லான்செட்' இதழில் வந்த ஸ்வீடன் ஆய்வும் வெளிநாட்டுத் தத்துப் பிள்ளைகளைப் பற்றி இதே திசையில்தான் பேசியது. பெரும்பான்மைப் பிள்ளைகள் நன்றாகவே இருக்கிறார்கள், பீதி வேண்டாம். ஆனால் கதவைச் சாத்திக்கொள்கிற பிள்ளையிடம் 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடாதீர்கள். நேராகவே கேட்கலாம், "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அமெரிக்கா முழுவதும் இரவு பகலாக எடுப்பார்கள்.

ஆலோசகரைத் தேடும்போது, தானே தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர், அதுவும் கறுப்பினத்தவர் கிடைத்தால் என்னைப் போன்றவர்களை விட்டுவிட்டு அவரிடம் போங்கள். முதல் சந்திப்பில் 'பெற்றோரோடு பிணைப்பு' என்று மட்டும் பேசி, இனம் பற்றி வாய் திறக்காதவரை மாற்றிவிடுங்கள்.

பிறந்தநாள் சிலருக்கு மோசமான நாள். அதிலும் அந்தத் தேதியே உண்மையானதாக இருக்காது. எத்தியோப்பிய நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் ஓடுகிறது. அதை மாற்றி எழுதியவர் ஒருவர், குத்துமதிப்பாக வயது போட்டவர் இன்னொருவர். கேக் வெட்டிக்கொண்டிருக்கும்போது பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் நன்றிகெட்டவன் என்று பட்டம் கட்ட வேண்டாம்.

23 மார்ச்

கோப்பு, கோப்பு என்று ஏன் அடித்துக்கொள்கிறேன் என்றால் லெம் சிசேயை நினைத்துத்தான். இங்கிலாந்தில் 1967இல் எத்தியோப்பிய மாணவிக்குப் பிறந்தவர், கவிஞர். தாய் தத்துக்கு ஒப்புதல் தர மறுத்தார். சமூகப் பணியாளர் பிள்ளைக்கு நார்மன் என்று பெயர் போட்டு, தத்து மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வெள்ளைக் குடும்பத்தில் விட்டார். பன்னிரண்டு வயதில் அந்தக் குடும்பம் விடுதிக்கு அனுப்பிவிட்டது. பதினேழு வயதில்தான் பிறப்புச் சான்றிதழும், பிள்ளையைத் திரும்பக் கேட்டு 1968இல் தாய் எழுதியிருந்த கடிதமும் கையில் கிடைத்தன. முழுக்கோப்பு வந்தது 2015இல். அப்போது அவர் ஒரு பல்கலைக்கழகத்தின் வேந்தர்.

பெற்றோர்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது: நீதிமன்ற ஆணை, அநாதை இல்லத்துப் பதிவு, விசாப் படிவம், பயணத்தில் எடுத்த புகைப்படம், மொழிபெயர்ப்பாளரின் பெயர் எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரு செட்டைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். 'பெரியவன் ஆனதும்' என்று அலமாரியில் பூட்டாதீர்கள். குடியுரிமைச் சான்றிதழ் தனியாக வாங்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பாஸ்போர்ட் இருந்தால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

24 மார்ச்

யாழ்ப்பாணத்து வாசகி ஒருவர், இலங்கையிலிருந்து 1980களில் நெதர்லாந்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போன குழந்தைகளைப் பற்றி ஏன் பேசவில்லை என்கிறார். பேச வேண்டியதுதான், தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். அந்தக் காகிதப் புரட்டுகளை விசாரித்த நெதர்லாந்துக் குழுவின் அறிக்கையை அடுத்துத்தான் 2021இல் அந்த அரசு வெளிநாட்டுத் தத்தை நிறுத்திவைத்தது. பெல்ஜியமும் சும்மா இல்லை. ருவாண்டாவில் சாவே என்ற ஊரின் மிஷன் விடுதியிலிருந்து கலப்பினப் பிள்ளைகளை 1950களின் இறுதியில் விமானம் ஏற்றிக் கொண்டுபோய்ப் பெல்ஜியக் குடும்பங்களில் கொடுத்தார்கள், பெயரையும் மாற்றி. 2019இல் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது அறுபது வயது.

5 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். பையனின் அம்மாவிடம் பேசினாராம். அவர் அழுதுவிட்டு, கோப்பை எடுத்து மகனிடம் கொடுத்தாராம். ஹதியா பகுதியின் ஹோசானா நகருக்குப் பக்கத்து ஊர் என்று இருக்கிறதாம். இப்போது மரபணுச் சோதனை செய்யட்டுமா, கோடை விடுமுறைக்கு மகனுக்குச் சொல்லாமல் மூன்று டிக்கெட் போட்டு ஆச்சரியப்படுத்தட்டுமா என்று அந்த அம்மா கேட்கிறாராம்.

சோதனை செய்யலாம், பையன் கேட்டால். கிராமத்து உறவினர்கள் யாரும் அந்த வலைத்தளங்களில் எச்சில் கொடுத்திருக்கமாட்டார்கள். வேறு நாட்டுக்குத் தத்துப் போன உடன்பிறப்பு யாராவது மாட்டினால் உண்டு. அப்படிச் சிலருக்கு நடந்திருக்கிறது. ஊரில் தேட, இரு பக்கத்துக் குடும்பங்களும் பதிவு செய்யும் 'பெட்டசெப் ஃபெலெகா' என்ற தளம் இருக்கிறது. முதலில் அங்கே பதியச் சொல்லுங்கள். வெளிநாடுவாழ் எத்தியோப்பியருக்கு, நம் ஓசிஐ அட்டை போல, மஞ்சள் அட்டை ஒன்று உண்டு. அதற்குப் பூர்வீகம் காட்டும் காகிதம் வேண்டும், மறுபடியும் கோப்புதான். குடும்பம் கிடைத்து அவர்கள் பண உதவி கேட்டால் பிள்ளை ஆடிப்போவான். அதைப் பற்றி முன்கூட்டியே பேசி வையுங்கள். எவ்வளவு, யார் கொடுப்பது என்பதைப் பெரியவர்கள் ஏற்கட்டும், அவன் தலையில் விடக் கூடாது.

டிக்கெட் வேண்டாம். அவனுக்குத் தெரியாமல் அவனை ஒரு முறை விமானத்தில் ஏற்றியது போதும். அவனே போக வேண்டும் என்றாலும் ஜூலை, ஆகஸ்டில் அங்கே அடைமழை. அடிஸ் அபாபாவிலிருந்து ஹோசானா 230 கிலோமீட்டர் போல, அதற்கப்புறம் கிராமத்துக்கு மண்சாலை, சேறாகிவிடும். டிசம்பருக்குத் தள்ளச் சொல்லுங்கள்.